சீர்த்தட்டில் ஒரு கேமரா

என் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் என்னைப் போலவே பேசாத ஒரு மனிதர் இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பாவைச் சொல்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் மாவு மில் வைத்திருக்கிறார். காலமெல்லாம் மெஷின் சத்தத்துக்குள் நின்றதில், பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டவர் மாதிரி இருப்பார். நான் ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் பேண்டேஜ் துணி போடும் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். பத்தாவதோடு நின்றவன். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கல்யாணப் பேச்சு முழுவதையும் இரண்டு வீட்டுப் பெண்களும்தான் பேசி முடித்தார்கள். தட்டு மாற்றிக்கொள்ளும்போது மட்டும் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் லேசாகத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

எனக்கென்று வீட்டில் இருந்த பொருள் ஒரு கேமரா. கல்யாண வீடுகளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஸ்டுடியோக்காரர் பெரிய கேமரா வாங்கியபோது, தான் கைமாற்றிவிட நினைத்த சின்னதை எனக்குக் கொடுத்தார். லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாத வகை. ஆனால் பட்டனைத் தள்ளினால் அதுவே முன்னால் நீண்டு, பனை உச்சியில் இருக்கும் குருவியின் கண்ணைக் காட்டும். திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. பேட்டரி மூடி நிற்காது, ரப்பர் பேண்டு போட்டிருந்தேன். லென்ஸில் கீறல் விழாமல் இருக்க முன்னால் ஒரு சாதாரணக் கண்ணாடி வளையத்தைத் திருகிக் கொடுத்திருந்தார். "கீழ போட்டாலும் இதுதான் ஒடையும், கண்ணு தப்பிச்சுக்கிடும்" என்றார்.

மற்றதெல்லாம் நானே செய்துகொண்டது. பழைய பேண்டின் காலை முழங்காலோடு வெட்டி, உள்ளே புளியங்கொட்டையை நிரப்பி இரண்டு பக்கமும் தைத்து ஒரு பை வைத்திருந்தேன். பாறை மேல் அதைப் போட்டு கேமராவை அழுத்தினால் அசையாமல் உட்காரும். கடையில் விற்கும் முக்காலி என் கைக்கு எட்டாது. ஒட்டடை அடிக்கும் கம்பு ஒன்று வாங்கி, கம்பெனி ஒர்க் ஷாப்பில் சொல்லி அதன் நுனியில் கால் இஞ்சு போல்ட்டைப் பற்றவைத்துக்கொண்டேன். கேமராவின் அடியில் இருக்கும் ஓட்டையில் அது சரியாகத் திருகிக்கொள்ளும். வேண்டிய உயரத்துக்குக் கம்பை நீட்டலாம், சுருக்கலாம். மழைக்கு பிரெட் கவர். ஈரம் இழுக்க மாத்திரை டப்பாக்களில் வரும் சின்னச் சின்னப் பொட்டலங்கள். துடைக்க எங்கள் கம்பெனித் துணி, பலமுறை துவைத்து மெத்தென்று ஆனது. அது எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இதையெல்லாம் எடுத்துக்கொண்டு அய்யனார் கோயில் பக்கம் போவேன். ஆற்றுக்கரையில், போகலாம் என்று வனத்துறை விட்டிருக்கும் இடம் வரை நடப்பேன். கம்போடு கிளம்பும்போதெல்லாம் என் வீட்டுக்காரி கேட்பாள்:

"காட்டுக்கு ஒட்டடை அடிக்கவா போறிய? இங்க அடுப்படியிலயே அம்புட்டு கெடக்கு."

அவள் கேலி எனக்குப் பிடிக்கும். அந்த நடையும் பிடிக்கும். காட்டில் பேசாமல் நிற்கிறவனை ஏன் பேசவில்லை என்று யாரும் கேட்பதில்லை. கையில் கேமரா இருந்தால் எதிரே வருகிறவர்களே குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒதுங்கிப் போகிறார்கள். வாரம் முழுவதும் கூச்சத்தோடு நடமாடுகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு மடவார் வளாகம் போயிருந்தோம். கறிச்சோறு சாப்பிட்டு முடிந்ததும் பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். முன் ஹாலில் நானும் சம்பந்தியும் மட்டும். மேலே ஃபேன் சுற்றியது. அவர் ஃபேனைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் மகள் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு மூன்றாவது முறை வெளியே வந்தாள்.

"அப்பா, கேமரா கொண்டாந்துருக்கீங்கள்ல. மாமாவக் கூட்டிக்கிட்டு செண்பகத்தோப்பு வரைக்கும் போயிட்டு வாங்களேன். மலை அணில் நெறைய வருதாம்."

இரண்டு பேரும் உடனே எழுந்துவிட்டோம். அவருடைய மொபெட்டில் போனோம். சீட்டெல்லாம் மாவு. நான் பின்னால் உட்கார்ந்து ஒட்டடைக் கம்பை முருகன் கோயில் வேல் மாதிரி நட்டமாகப் பிடித்துக்கொண்டேன். வழியில் அவர் ஒரே ஒரு தடவை பேசினார், "பள்ளம்" என்று.

மாந்தோப்புகள் முடியும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம். ஓடையில் தண்ணீர் இல்லை. புளியமரங்கள் மேலே கிளைகளைக் கோத்துக்கொண்டு நின்றன. நான் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். மலை அணிலை முதலில் காட்டிக்கொடுப்பது வால்தான். கிளையிலிருந்து சாம்பல் நிறத்தில் கயிறு மாதிரி தொங்கும். அன்றைக்கு வெகு தாழ்வான கிளையிலேயே ஒன்று உட்கார்ந்து, எதையோ இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் அதன் முகத்தில் விழுந்தது. இத்தனை நாளில் அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை.

கேமராவைக் கம்பில் திருகி நிமிர்த்திவிட்டேன். அப்போதுதான் பக்கத்தில் நிற்பவர் யார் என்ற நினைப்பு வந்தது. மாப்பிள்ளையின் அப்பா. பெண்ணைக் கொடுத்தவன் முந்திக்கொள்ளலாமா.

"சம்பந்தி, நீங்க எடுங்க" என்றேன்.

"ஐயோ, எனக்குத் தெரியாது. நீங்க எடுங்க."

"ஒண்ணுமில்ல, இந்த பட்டன அமுக்குனாப் போதும். மொதல்ல நீங்க."

"ஒங்க கேமரா சம்பந்தி. நீங்க எடுக்காம நான் எப்படி."

"அதுக்கென்ன, எடுங்க."

"இல்ல இல்ல, நீங்க."

நான் கம்பை அவர் பக்கம் சாய்த்தேன். அவர் என் பக்கம் சாய்த்தார். அணில் கடிப்பதை நிறுத்தி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு ஒரே தாவலில் அடுத்த மரத்துக்குப் போய்விட்டது.

"போயிருச்சு" என்றார்.

"போயிருச்சு" என்றேன்.

திரும்பி வரும்போது அவர் மொபெட் அருகில் நின்று கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பினார். "நல்ல கேமரா சம்பந்தி" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரொம்ப நல்லாருக்கு" என்று மறுபடியும் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் பூரித்துப்போய்விட்டது. அந்தப் பூரிப்பில் வீட்டுக்கு வந்ததும் அதை என் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன்.

அவள் கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு தடவ சொன்னாவளா?"

"ஆமா."

"அப்ப கேக்காவ."

"கேக்கல. நல்லாருக்குன்னு சொன்னாரு, அம்புட்டுதான்."

"வாயே தொறக்காத மனுசன் ரெண்டு தடவ சொல்லிருக்காவன்னா வேற என்ன அர்த்தம்? ஆடிச்சீர் வருதுல்லா. துணிமணியோட அதையும் வச்சிருவோம்."

அவளைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் கேமரா எனக்கு என்ன என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் மகள் புதிதாகப் போயிருக்கும் வீடு. மாமனார் ஆசைப்பட்டதைக் கொடுக்கவில்லை என்று யாராவது ஒரு சொல் சொல்லி, அதை அவள் கேட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம். சொல்லப்போனால் அந்தப் பயம் எனக்கும் இருந்தது. கேமராவைக் கொடுத்தால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. கொடுக்காவிட்டால் மகள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனதில் ஒன்று குத்திக்கொண்டே இருக்கும். நேரே போய், "சம்பந்தி, இது வேணுமா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கிறவனாக இருந்தால் நான் ஏன் காட்டுக்குப் போகிறேன்.

ஆடி பிறந்ததும் சீர் கொண்டுபோய் மகளை மாதத்துக்கு அழைத்துவரப் போனோம். சேலை, வேட்டி, பழம், பலகாரத் தட்டுகளோடு ஒரு தட்டில் கேமராவும் அதன் பக்கத்தில் புளியங்கொட்டைப் பையும். கம்பைத் தட்டில் வைக்க முடியாது என்பதால் நான் கையில் பிடித்துக்கொண்டு போனேன். வீட்டுக்காரி அதற்கும் நுனியில் மஞ்சள் தடவியிருந்தாள்.

"இதெல்லாம் எதுக்கு மதினி?" என்றார் சம்பந்தி அம்மா.

"அண்ணன் ஆசையாச் சொன்னாவளாம்லா. அதான்."

சம்பந்தி கேமராவை இரண்டு கையாலும் வாங்கினார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையிலிருந்து குழந்தையை வாங்குகிற மாதிரி விறைத்துப்போய் வாங்கினார். தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா வேறு எங்கோ பார்த்தார்கள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். பேட்டரி மூடியில் ரப்பர் பேண்டு இருப்பதையும் முன்கண்ணாடியைத் துடைக்கும் விதத்தையும் சொல்ல நினைத்தேன். கூட்டமாக இருந்ததால் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். கிருஷ்ணன்கோவில் பக்கத்து சொந்தக்காரர்கள், சித்தி, பெரியம்மா என்று அவள் அம்மா எதை எதையோ பேசியும் அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. இறங்குவதற்கு முன்பு என்னிடம் மட்டும், "எதுக்குப்பா?" என்றாள்.

"மாமாவுக்குப் பிடிச்சிருக்கு" என்றேன்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கத்தான் செய்தேன். கை வெறுமையாக இருந்தது. மீன்கொத்தியைப் பார்த்தால் ஆள்காட்டி விரல் தானாக மடங்கும். போனில் எடுத்துப் பார்த்தேன். மரத்தில் ஒரு புள்ளி விழுந்தது. அதைப் பெரிதாக்கினால் பெரிய புள்ளி ஆனது.

ஒருநாள் கடைத்தெருவிலிருந்து வந்த வீட்டுக்காரி என் முன்னால் ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்தாள். துணி காயப்போடும் கிளிப் மாதிரி ஒன்றில் ஒரு குண்டு லென்ஸ். போனில் மாட்டிக்கொள்வது.

"போன் கவர் வாங்கப் போனேன். கடைக்காரன் சும்மா குடுத்தான்" என்றாள்.

"சும்மாவா?"

"சும்மாதான். கேள்வி கேக்காம மாட்டிப் பாருங்க."

எந்தக் கடைக்காரனும் அதைச் சும்மா கொடுக்க மாட்டான். அவளிடம் புதிய போன் கவரும் இல்லை. வாங்கி மாட்டிப் பார்த்தேன். அந்த லென்ஸில் தூரத்தில் இருப்பது எதுவும் தெரியாது. விரல் அகலத்துக்குப் பக்கத்தில் போனால்தான் தெரியும். ஆனால் தெரிவது வேறு உலகமாக இருந்தது. இவ்வளவு நாள் தலையைத் தூக்கி நடந்தவன் குனிந்து நடக்க ஆரம்பித்தேன். எருக்கம் இலையின் அடியில் இருக்கும் மஞ்சள் நிறச் செடிப்பேன், சிலந்தி வலையில் நின்ற பனித்துளி, கட்டெறும்பின் கொடுக்கு. மூச்சை அடக்கிக்கொண்டு எடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து அவளிடம் காட்டுவேன். "இந்த மூஞ்சியோடதான் நம்ம சீனி டப்பாவுல வந்து கெடக்கா?" என்று எறும்பைப் பார்த்துக் கேட்பாள். இருந்தும், மேலே கிளை அசைந்தால் என் கழுத்து திரும்பாமல் இருந்ததில்லை.

ஆயுத பூஜைக்கு மாவு மில்லுக்கு அழைப்பு வந்தது. வீட்டுக்காரிக்கு எங்கள் வீட்டிலும் வேலை இருந்ததால் நான் மட்டும் போனேன். மில்லைக் கழுவிவிட்டு வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. வரிசையாகத் தராசு, திருப்புளி, பெல்ட், சல்லடை, மொபெட். சல்லடைக்குப் பக்கத்தில் மணைப்பலகை மேல் என் கேமரா. அதற்கும் ஒரு சரம் கதம்பம் சுற்றியிருந்தது. லென்ஸ் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கண்ணாடியின் நட்ட நடுவில் கட்டை விரல் அகலத்துக்குச் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள்.

தீபாராதனை காட்டினார்கள். நான் கையைக் கூப்பிக்கொண்டு கேமராவை மட்டும் பார்த்தேன். சந்தனத் தண்ணீர் மெல்ல வழிந்து கண்ணாடி விளிம்பை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அது வளையத்துக்குள் போய்விட்டால் அவ்வளவுதான். என் பொருள் இல்லை, அவருடையது, பூஜையில் வேறு இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொரிகடலைத் தட்டு வந்தது. வாங்கிக் கையிலேயே வைத்திருந்தேன். பெண்கள் வீட்டுக்குள் போனதும், மில்லில் நானும் சம்பந்தியும் மட்டும் நின்றோம்.

"சம்பந்தி" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "தப்பா எடுத்துக்கிடாதிய. செத்த தொடைச்சிறலாமா?"

அவர் கேமராவைப் பார்த்தார். "பொட்டு அங்க வைக்கக் கூடாதோ?"

"மூடிக்கு மேல வச்சிருக்கலாம்."

"மூடிக்கு வச்சா மூடிக்கு வச்ச மாதிரில்ல ஆயிரும். அதான் தொறந்து வச்சேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்துத் துடைத்தேன். குங்குமம் விளிம்பில் இறங்கியிருந்தது. முன்கண்ணாடி வளையத்தைத் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. அவரும் திருகினார். வழுக்கியது. பேட்டரி மூடியில் இருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி வளையத்தைச் சுற்றிப் போட்டேன். அவர் கேமராவை நெஞ்சோடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டார். நான் திருகினேன். கர்ரென்று ஒரு சத்தம், வளையம் கழன்று வந்தது. உள்ளே லென்ஸ் சுத்தமாக இருந்தது. இரண்டு பேரும் குனிந்ததில் தலை முட்டிக்கொண்டது.

"நல்ல வேள" என்றார். அவர் நெற்றி வியர்த்திருந்தது. பிறகு வாசல் பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சம்பந்தி, நான் இதத் தொட்டே பாக்கல. நீங்க குடுத்துட்டுப் போனதுல இருந்து சாமி செல்ஃபுல வச்சிருக்கேன். மாவு பட்டுருமோ, ஒடச்சிருவனோன்னு ராத்திரி ஒறக்கமே இல்ல."

"ஆசையாச் சொன்னியள்லா, நல்லாருக்குன்னு."

அவர் கையில் ஒட்டியிருந்த குங்குமத்தைத் தேய்த்துக்கொண்டே நின்றார். "வீட்டுல சொல்லிவிட்டாவ. 'அந்த அண்ணன் பேச மாட்டாவ. போற எடத்துல நீங்களாவது எதையாவது நல்லாருக்குன்னு சொல்லுங்க'ன்னு. அங்க காட்டுல வேற என்ன இருந்துச்சு? அதான் கேமராவச் சொன்னேன். ரெண்டு தடவ சொன்னாத் திருப்தியா இருக்கும்னு ரெண்டு தடவ சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று தெரியாமல் கேமராவைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"எடுத்துட்டுப் போங்க" என்றார்.

"அது எப்படி? சீராக் குடுத்தது. திருப்பி வாங்கக் கூடாது."

"நானும் திருப்பிக் குடுக்கக் கூடாதுதான். பொண்ணத் திருப்பி அனுப்புன மாதிரின்னு பேசுவாவ."

என்ன சொல்வதென்று தெரியாதபோது நான் கையில் இருக்கும் எதையாவது காட்டுகிறவன். போனை எடுத்து அந்தக் கிளிப் லென்ஸை மாட்டி, மெஷின் வாயில் ஒட்டியிருந்த மாவுக்கு நேராகப் பிடித்தேன். திரையில் அரிசி மாவு உடைத்துப் போட்ட வெள்ளைக் கல் மாதிரி கிடந்தது. அவர் போனைக் கையிலிருந்தே வாங்கிவிட்டார். மாவைப் பார்த்தார். மஞ்சள் தூளைப் பார்த்தார். தன் முழங்கை முடியில் ஒட்டியிருந்த தூசியைப் பார்த்தார்.

"இம்புட்டு வருசமா இதத்தான் அரைச்சிக்கிட்டு இருந்தேனா" என்றார். "கொரகொரன்னு இருக்கே. இதப் பாத்தா, மாவு நைசா இல்லன்னு இந்தத் தெருக்காரம்மா ஒருத்தி சண்டைக்கு வாறது சரிதான்."

பிறகு நாங்கள் பேசினோம். என்ன பேசினோம் என்று கேட்டால், சல்லடைக் கண்ணைப் பற்றி, மிளகாய் அரைக்கும்போது வரும் தும்மலைப் பற்றி, எங்கள் துணியின் நெசவைப் பற்றி. மகள் காப்பி கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கிளம்பும்போது அவர்தான் வழி சொன்னார்.

"கேமரா என்னது. இங்கயே இருக்கட்டும். யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா எனக்கு எடுக்கத் தெரியாது. ஞாயித்துக்கெழம நீங்க வாங்க. அந்தச் சின்னக் கண்ணாடிய எனக்குத் தாங்க. நான் கீழ பாக்கேன், நீங்க மேல பாருங்க."

தீபாவளி முடிந்து மழை விட்டிருந்த ஒரு காலையில் மறுபடியும் செண்பகத்தோப்பு போனோம். கேமராவை அவர்தான் கழுத்தில் மாட்டி வந்தார். புளியமரத்தடியில் நின்று என் கையில் கொடுத்தார். ஓடையில் தண்ணீர் ஓடியது. அவர் போனோடு ஒரு பாறையடியில் உட்கார்ந்து பாசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கம்பை நிறுத்தி, கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். வால் தெரிந்தது. அன்றைக்குப் போலவே தாழ்ந்த கிளைக்கு இறங்கி வந்தது. பழக்கதோஷம் விடவில்லை. அவருக்கும் காட்டலாமே என்று திரும்பி, "சம்பந்தி, நீங்க ஒண்ணு…" என்று ஆரம்பித்தேன்.

அவர் பாறையிலிருந்து எழுந்து, மெஷின் ஓடும்போது மில் பையனைக் கூப்பிடும் குரலில், "ஏலே, எடுலே, போயிரும்லே" என்றார்.

சொன்ன அடுத்த நொடி கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண் இரண்டும் விரிந்து நின்றன. "சம்பந்தி, மன்னிச்சுக்கிடுங்க, மில்லுப் பழக்கம், வாய்ல வந்துருச்சு…" எனக்கு அடக்க முடியவில்லை. என் அண்ணன் இறந்துபோன பிறகு என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. சிரித்த சிரிப்பில் கம்பு ஆடியது, விரல் பட்டனில் விழுந்தது. என்னைப் பார்த்து அவரும் ஆரம்பித்துவிட்டார். ஓடைக் கல்லில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் குலுங்கினார்.

படத்தில் விழுந்தது இதுதான்: பச்சையாக நிறைய இலை. குறுக்கே சாம்பல் நிறத்தில் இழுத்துவிட்ட மாதிரி ஒரு கோடு. ஸ்டுடியோவில் இரண்டு பிரதி போட்டேன். ஒன்று மில்லில் தராசுக்கு மேலே தொங்குகிறது, மாவு படிந்தால் அவரே துடைக்கிறார். இன்னொன்று எங்கள் வீட்டு ஹாலில். வீட்டுக்காரி கிட்டப் போயும் தள்ளி நின்றும் பார்த்தாள்.

"இதையா பிரேம் போட்டிய? இதுல என்ன இருக்கு?"

"மலை அணில்."

"எங்க?"

"போயிருச்சு" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அதற்குள் போன் அடித்தது. எடுத்தால் அந்தப் பக்கம் மெஷின் இரைச்சல், அதற்குள்ளிருந்து ஒரு குரல், "வாறியளா?" என்று. வாரேன் என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையில் துணி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.